புது சாஃப்ட்வேர் கம்பெனி தாக்குப்பிடிக்குமா? வாடி, லாட்ஜ், ஐஸ் பிளான்ட் நடத்துபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாம்பனில் மீன் வாடி (படகுகளின் மீனை ஏலத்தில் விற்றுத் தரும் இடம்), ராமேஸ்வரத்தில் லாட்ஜ், மண்டபத்தில் ஐஸ் பிளான்ட் என்று எதை நடத்தினாலும், கணக்குக்கு ஒரு சாஃப்ட்வேர் வாங்கச் சொல்லி யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் முன் மதுரையிலோ கோவையிலோ தொடங்கிய கம்பெனிகள். சரக்கு நன்றாகவே இருக்கும். தமிழில் இருக்கும், செல்போனில் ஓடும், படகுக்காரருக்குக் கொடுத்த முன்பணத்தைப் படகு வாரியாகக் கழித்து மீதியைக் காட்டும். பெரிய, பழைய கம்பெனிகள் நம் தொழிலுக்கென்று இப்படி இறங்கி வந்து செய்து தருவதில்லை. அதனால் புதுசு என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கிவிடுவது சரியான யோசனை இல்லை.

ஆனால் டெமோவைப் பார்த்து மட்டும் வாங்குவதும் கூடாது. பழைய விசைப்படகு வாங்கும்போது யாரும் பெயின்ட்டைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. கரையேற்றி அடிப்பலகையைத் தட்டிப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் அடிப்பலகை உண்டு. அதில் பாதி, அரசாங்கத் தளங்களில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கிறது. இந்தக் கரையில் வரிக்கணக்குப் பார்ப்பவன் என்பதால் இதை அடிக்கடி செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் எந்த வரிசையில் பார்க்கிறேனோ அதையே இங்கே எழுதுகிறேன்.

எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 2024 டிசம்பர் 27 அன்று, பென்ச் என்ற வட அமெரிக்கக் கணக்கெழுதும் நிறுவனம் இணையதளத்தில் ஓர் அறிவிப்பைப் போட்டுவிட்டுக் கடையைச் சாத்தியது. பத்துக் கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டிய கம்பெனி அது. ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளின் கணக்கு அதனிடம் இருந்தது. வருடம் முடிய நான்கே நாள். சில நாட்களில் வேறொரு கம்பெனி வாங்கி அதைத் திரும்பத் திறந்தது, சரி. ஆனால் பென்ச் கணக்கெழுதியது தனக்கென்று செய்துகொண்ட சொந்த சாஃப்ட்வேரில். வேறு இடத்துக்கு அப்படியே தூக்கிப் போக முடியவில்லை. அடுத்த வருடம் மே மாதம், மைக்ரோசாஃப்ட்டும் கத்தார் அரசின் முதலீட்டு நிறுவனமும் பணம் போட்டிருந்த லண்டனின் பில்டர்.ஏஐ என்ற சாஃப்ட்வேர் கம்பெனி திவாலானது. முதலீட்டாளர் பெயரைச் சொல்லி விற்க வருபவரிடம் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

நமக்கு இதில் சட்டச் சிக்கலும் உண்டு. ஜிஎஸ்டி சட்டப்படி, வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். உங்கள் தொழில் கம்பெனியாகப் பதிவாகியிருந்தால் 8 வருடம். “சாஃப்ட்வேர்காரர் கடையை மூடிவிட்டார் சார்” என்பது நோட்டீஸுக்குப் பதில் ஆகாது.

1. பில் யார் பெயரில் வரும்?

சாஃப்ட்வேருக்கு ஒரு பெயர், கம்பெனிக்கு ஒரு பெயர், பணம் போகும் வங்கிக் கணக்குக்கு இன்னொரு பெயர் என்று இருப்பது சாதாரணம். அதனால் முதலில் ஒரு மாதிரி பில் கேளுங்கள். அதில் உள்ள பெயர், ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே ஆளுடையதா என்று பாருங்கள்.

ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாடு என்றால் 33. அடுத்த 10 எழுத்து பான் எண். ஜிஎஸ்டி தளத்தில் வரி செலுத்துபவரைத் தேடும் பகுதியில் இதைப் போட்டால் பதிவு நடப்பில் இருக்கிறதா, எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்று வரும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். ரிட்டர்ன் தாக்கல் பட்டியலையும் திறந்து பாருங்கள். மாதாமாதம் கெடுவுக்குள் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று இரண்டு மூன்று மாதம் தள்ளித் தள்ளிப் போட ஆரம்பித்திருந்தால், கையில் காசு இறுகிவிட்டது என்று அர்த்தம். காசு முடை வந்தால் சின்னக் கம்பெனி முதலில் தள்ளிப்போடுவது வரியைத்தான். சம்பளத்தைத் தள்ளினால் ஆள் போய்விடுவான் இல்லையா.

2. கம்பெனிப் பதிவு

பிரைவேட் லிமிடெட் என்றால் 21 எழுத்தில் ஒரு பதிவு எண் இருக்கும். அதற்குள்ளேயே தொடங்கிய வருடம் நான்கு இலக்கமாக உட்கார்ந்திருக்கும். “பத்து வருட அனுபவம்” என்று துண்டறிக்கையில் அச்சடித்துவிட்டு எண்ணில் 2023 என்றிருந்தால், அந்த அனுபவம் யாருடையது என்று கேட்பதில் தப்பில்லை. நிறுவனர் முன்பு வேறு இடத்தில் வேலை பார்த்ததைக் கூட்டியிருப்பார். அது பொய் இல்லை, ஆனால் கம்பெனியின் வயது வேறு.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அடிப்படை விவரங்களை இலவசமாகப் பார்க்கலாம். கம்பெனி நடப்பில் இருக்கிறதா, கடைசியாக எந்த வருடத்துக் கணக்கு தாக்கலானது, இயக்குநர்கள் யார், சொத்து மேல் யாருக்காவது அடமானப் பதிவு உண்டா என்ற நான்கும் போதும். கடைசி பேலன்ஸ் ஷீட் தேதி இரண்டு வருடம் பின்தங்கியிருந்தால் நான் அங்கேயே நிறுத்திக்கொள்வேன். தன் கணக்கையே நேரத்துக்கு முடிக்காதவர் நமக்குக் கணக்கு சாஃப்ட்வேர் விற்கிறார்!

ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பார்கள். சலுகைகள் பெற அது உதவும். கம்பெனியின் பண பலத்துக்கு அது சான்றில்லை.

3. நூறு ரூபாயில் உள்விவரம்

இதைத்தான் யாருமே செய்வதில்லை. அதே அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைத் திறந்து பார்க்கலாம். ஏஓசி-4 என்ற படிவத்தோடு பேலன்ஸ் ஷீட்டும் லாப நஷ்டக் கணக்கும் இணைந்திருக்கும். உங்கள் ஆடிட்டரிடம் சொன்னால் கால் மணி நேரத்தில் எடுத்துத் தந்துவிடுவார்.

செலுத்திய மூலதனம் 1 லட்சம் என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; அது எதையும் சொல்லாது. பார்க்க வேண்டியது இது. ஒரு கம்பெனிக்கு வருட வருமானம் 60 லட்சம், செலவு 99 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செலவில் 3 லட்சம் தேய்மானம். அது கையை விட்டுப் போகும் காசு இல்லை, கழித்துவிடுங்கள். ஆக வருடத்துக்கு 36 லட்சம், மாதத்துக்கு 3 லட்சம் கரைகிறது. வங்கியிலும் கையிலும் 30 லட்சம் இருந்தால் பத்து மாதம் தாங்கும். ஆனால் அந்த பேலன்ஸ் ஷீட் மார்ச் 31 தேதியுடையது. தளத்தில் ஏறி நீங்கள் பார்ப்பது நவம்பரில். எட்டு மாதம் ஏற்கெனவே போயிற்று. நடுவில் புதுப்பணம் வந்ததா என்பதை பிஏஎஸ்-3 படிவம் காட்டும். புதிதாகப் பங்கு ஒதுக்கினால் அதைத் தாக்கல் செய்தாக வேண்டும். அதுவும் இல்லை என்றால், மூன்று வருடச் சந்தாவை மொத்தமாகக் கேட்டு அவர்கள் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்பது புரிந்துவிடும்.

இன்னும் மூன்று வரிகள் உண்டு. வாடிக்கையாளரிடம் முன்கூட்டி வாங்கிய பணம் என்ற தலைப்பில் உள்ள தொகை, கையிருப்பைவிடப் பெரிதாக இருந்தால், நேற்று வந்தவர் பணத்தில் இன்றைய சம்பளம் ஓடுகிறது. இயக்குநரே கொடுத்த கடன் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போனால் குடும்பப் பணத்தில் வண்டி ஓடுகிறது. இதை நான் பெரிய குறையாகப் பார்க்க மாட்டேன், சொந்தக் காசைப் போடுகிறவருக்கு அக்கறை அதிகம். ஆனால் எவ்வளவு நாள் போடுவார் என்று கேட்டுவிட வேண்டும். மூன்றாவது, ஆடிட்டர் அறிக்கை. நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் சந்தேகம் என்று ஒரு பத்தி தனியாக இருந்தால் அதற்கு மேல் படிக்கத் தேவையில்லை. ஆடிட்டர் நடுவிலேயே விலகியிருந்தால் ஏடிடி-3 என்ற படிவம் இருக்கும். காரணத்தையும் அதிலேயே எழுதியிருப்பார்கள், மழுப்பலாகத்தான்.

நஷ்டத்தில் ஓடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. புதுக் கம்பெனிக்கு முதல் சில வருடம் நஷ்டம் இருக்கத்தான் செய்யும். அதேபோல் முதலீட்டாளர் யாரும் இல்லை என்பதும் பலவீனம் இல்லை. 1996-இல் தொடங்கிய ஸோஹோ வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்த கம்பெனி. என் கணக்கில், வருமானத்தில் முக்கால்வாசிச் செலவை ஈடுகட்டும் 15 பேர் கம்பெனி, பெரிய முதலீடு வாங்கி அதைக் கரைத்துக்கொண்டிருக்கும் 150 பேர் கம்பெனியைவிட நம்பகமானது.

4. பி.எஃப். தளம்

இது சின்ன வேலை, ஆனால் பலன் பெரிது. இபிஎஃப்ஓ தளத்தில் நிறுவனங்களைத் தேடும் வசதி உண்டு. பெயரைப் போட்டால் எந்த மாதம் எத்தனை ஊழியருக்கு பி.எஃப். கட்டினார்கள் என்ற பட்டியல் வரும். 42 பேர் இருந்த இடத்தில் மாதாமாதம் இறங்கி 17 ஆகியிருந்தால், விற்க வந்தவர் என்ன சொன்னாலும் உள்ளே ஆள் போய்க்கொண்டிருக்கிறது. தொடக்கத்திலிருந்தே 20 பேருக்குக் குறைவாக இருந்தால் பி.எஃப். கட்டுவது கட்டாயமில்லை என்பதால் ரொம்பச் சின்னக் கம்பெனிக்கு இது உதவாது.

5. சாஃப்ட்வேருக்கு உயிர் இருக்கிறதா?

2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறை வாடகைக்கு 12 சதவீதம் போய், உள்ளீட்டு வரி வரவு (வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) இல்லாத 5 சதவீதம் வந்தது. ராமேஸ்வரம் லாட்ஜ்களில் பெரும்பாலான அறைகள் இந்த வரம்புக்குள்தான் வரும். இந்த மாற்றம் அந்த சாஃப்ட்வேரில் எந்தத் தேதியில் ஏறியது என்று ஏற்கெனவே அதைப் பயன்படுத்தும் ஒரு லாட்ஜ்காரரிடம் கேளுங்கள். 22-ஆம் தேதி காலையிலேயே சரியாக பில் விழுந்ததா, இல்லை பத்து நாள் கையால் திருத்தினார்களா? இந்த ஒரு கேள்விக்கான பதில், டெமோ மொத்தத்தையும்விட அதிகம் சொல்லும். அவசரத்துக்கு வேலை செய்ய ஆள் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

பிளே ஸ்டோரில் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், திட்டி எழுதியவர்களுக்குப் பதில் போட்டிருக்கிறார்களா என்றும் ஒரு பார்வை பாருங்கள். உதவி எண்ணுக்கு ஒரு முறை காலை ஐந்தரைக்கும், ஒரு முறை ஞாயிற்றுக்கிழமையும் போன் போடுங்கள். ஏலம் நடக்கிற நேரத்தில் எடுக்காத உதவி எண் வாடிக்காரருக்கு எதற்கு? இணையம் அறுந்தால் ஓடுமா என்பதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். புயல் சின்னம் உருவானால் தீவில் கரன்ட் போவதும் சிக்னல் போவதும் நமக்குப் புதிதில்லை.

உங்கள் ஏற்றுமதித் தொழில் கம்பெனியாகப் பதிவாகியிருந்தால் ஒரு சட்டத் தேவையும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற பதிவு கணக்கு சாஃப்ட்வேரில் இருக்க வேண்டும். அதை அணைக்க வழியும் இருக்கக் கூடாது.

6. நிறுவனரிடம் நேரில் கேட்க வேண்டியவை

விற்க வருபவரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்கு இலக்குதான் முக்கியம். நிறுவனரோடு பேச அரை மணி நேரம் கேளுங்கள். தம்பி வயதுப் பையனாக இருப்பார், கூச்சப்படாமல் கேட்கலாம்.

வருமானத்தில் பெரிய பங்கு எந்த வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது? பாதிக்கு மேல் ஒரே ஏற்றுமதிக் கம்பெனியிடமிருந்து என்றால், அந்தக் கம்பெனி தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வரும். உங்களுக்கு அடுத்து இந்த சாஃப்ட்வேரின் கோட் முழுசாகத் தெரிந்தவர் யார், அவரிடம் நான் பேசலாமா? சர்வர் யார் பெயரில், யார் கார்டில் ஓடுகிறது? காப்பு நகல் அதே கணக்குக்குள் இருக்கிறதா, வெளியே தனியாக இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைச் சும்மா சேர்க்கவில்லை. 2014-இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கணக்குக்குள் ஒருவன் புகுந்து தரவையும் காப்பு நகல்களையும் சேர்த்தே அழித்தான். கம்பெனி அதோடு மூடிவிட்டது.

அப்புறம், விட்டுப்போன வாடிக்கையாளர் இரண்டு பேர் எண் கேளுங்கள். இருக்கிறவர் எண்ணை எல்லோரும் தருவார்கள். “அப்படி யாருமே போகலண்ணே” என்று பதில் வந்தால் தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம் என்று நாமே விசாரித்துக்கொள்ள வேண்டியதுதான். சின்ன ஊர், செய்தி கிடைத்துவிடும்.

கம்பெனியே இல்லை, ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ ஒற்றை ஆள்தான் செய்து தருகிறார் என்றால் மேலே சொன்ன தளங்களில் பெரிதாக எதுவும் கிடைக்காது. இவர்களை நான் ஒதுக்குவதில்லை. கூப்பிட்டால் பைக்கில் வந்து நிற்பார்கள், அது பெரிய விஷயம். ஆனால் அந்த ஒருவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டால் எல்லாம் போயிற்று. எனவே இவர்களிடம் வாங்கும்போது அடுத்த படிதான் எல்லாம்.

7. வாங்குவதற்கு முன்பே வெளியேறிப் பாருங்கள்

இலவசச் சோதனைக் காலத்தில் எல்லோரும் எண்ட்ரி போட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் வெளியே எடுத்துப் பாருங்கள்.

ஒரு வாரத்து ஏலக் கணக்கை உள்ளே போடுங்கள். தேதி, படகு எண், மீன் வகை, எடை, விலை, கமிஷன், டீசலுக்கும் ஐஸுக்கும் கொடுத்த முன்பணத்தில் கழித்தது, மீதி. நண்டு, கணவாய், இறால், சங்காயம் எல்லாம் கலந்து வரட்டும். பிறகு அவர்கள் உதவி இல்லாமல், நீங்களே முழுத் தரவையும் எக்செல்லாகவோ சிஎஸ்வியாகவோ இறக்குங்கள். பிடிஎஃப் கணக்கில் சேராது. அது படிக்க உதவும், வேறு சாஃப்ட்வேரில் ஏற்ற உதவாது.

இறக்கிய கோப்பை உங்கள் கம்ப்யூட்டரில் திறந்தால் பல நேரம் இப்படித்தான் இருக்கும். தமிழில் அடித்த படகு உரிமையாளர் பெயர் முழுக்கக் கேள்விக்குறிகளாக நிற்கும். செல்போன் எண் 9.87E+09 என்று சுருங்கியிருக்கும். ஜூலை 4 என்று போட்டது ஏப்ரல் 7 ஆகியிருக்கும். ஏப்ரல் 7 மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்பு என்பதால் பார்த்தவுடன் தப்பு என்றுகூடத் தோன்றாது. 12.450 கிலோ 12 ஆகியிருக்கும். இவையெல்லாம் சரிசெய்யக் கூடியவை, சொன்னால் செய்து தருவார்கள். எவ்வளவு நாளில் செய்து தருகிறார்கள் என்பதையும் குறித்து வையுங்கள், அதுவும் ஒரு சோதனைதான்.

சரிசெய்ய முடியாதது வேறு. முன்பண மீதியைப் பாருங்கள். விற்பனைப் பட்டியல் அழகாக இறங்கும். ஆனால் ஒரு படகுக்கு எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்து, எந்த ஏலத்தில் எவ்வளவு பிடித்து, இன்று எவ்வளவு பாக்கி என்ற தொடர் மட்டும் வராது. மொத்த பாக்கி ஒற்றை எண்ணாக வரும். பல லட்சம் வெளியே நிற்கும் வாடிக்காரருக்கு அந்தத் தொடர்தான் சொத்து. படகுக்காரர் “அந்தப் பத்தாயிரம் தைப்பொங்கலுக்கே பிடிச்சிட்டீங்களே” என்று கேட்டால் ஒற்றை எண்ணை வைத்து என்ன பேச முடியும்? இது இறங்காத சாஃப்ட்வேரை, கம்பெனி எவ்வளவு பலமாக இருந்தாலும் நான் வாங்கச் சொல்வதில்லை.

லாட்ஜ் என்றால் விருந்தினரின் ஆதார் நகல்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, கணக்கை மூடினால் அழிக்கப்படுமா என்றும் எழுத்தில் கேளுங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பொறுப்பை லாட்ஜ்காரர் மேல்தான் வைக்கிறது.

8. ஒப்பந்தமும் பணமும்

ஒப்பந்தத்தில் நான் கேட்டு வாங்குவது கொஞ்சம்தான். சேவையை நிறுத்தினால் 90 நாள் முன்னறிவிப்பு. அந்த 90 நாளும் தரவை இறக்கும் வசதி. மீதிக் காலத்துச் சந்தா திரும்ப. கம்பெனி கைமாறினாலும் இதே நிபந்தனைகள். வழக்கு ராமநாதபுரம் நீதிமன்றத்தில். 2013-இல் நிர்வானிக்ஸ் என்ற தரவுச் சேமிப்பு நிறுவனம் மூடியபோது, தரவை எடுத்துக்கொள்ள முதலில் கொடுத்த அவகாசம் இரண்டு வாரம். 90 நாள் கேட்பது பேராசை இல்லை.

ஒன்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். கம்பெனி திவாலாகிவிட்டால் ஒப்பந்தக் காகிதம் பெரிதாக உதவாது. அடமானம் வைத்திருக்கும் வங்கி, தொழிலாளர் பாக்கி என்று வரிசை போய், முன்பணம் கட்டிய வாடிக்கையாளர் பின்னால் நிற்பார். நுகர்வோர் நீதிமன்றமும் வியாபாரத்துக்காக வாங்கியதைப் பொதுவாக ஏற்காது. சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே உண்மையான பாதுகாப்பு, கொடுக்கும் பணத்தைச் சின்னதாக வைத்துக்கொள்வதுதான். முதல் வருடம் காலாண்டுக்கு ஒரு முறை கட்டுங்கள். தள்ளுபடி போனால் போகட்டும். “ஆயுள் சந்தா” என்று ஒன்று வரும். யாருடைய ஆயுள் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

தொடங்க நல்ல நேரம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். வாடியில் ஆள் சும்மா இருப்பார்கள், பழைய பதிவேட்டை ஏற்றலாம், கையைப் பழக்கலாம். தடை முடிந்து படகுகள் கிளம்பிய பின் இரண்டு மாதமாவது கணக்குப்பிள்ளையின் நோட்டும் சாஃப்ட்வேரும் சேர்ந்தே ஓடட்டும். தடைக்காலத்தில் வருமானம் இல்லாதபோது சந்தாவை நிறுத்திவைக்க முடியுமா என்றும் பேசுங்கள். நம் கடற்கரையில் நாலு பேருக்கு விற்றவர் என்றால் இந்தக் கேள்வி ஏற்கெனவே அவர் காதுக்கு வந்திருக்கும்.

வாங்கிய பிறகும் மாதம் ஒரு முறை முழுத் தரவையும் இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை இரண்டாவது, மூன்றாவது, நான்காவது படிகளை மறுபடி செய்யுங்கள். அதற்கு டிசம்பர் தோதான மாதம். கம்பெனிகள் செப்டம்பர் 30-க்குள் பொதுக்குழு கூட்டி, அதிலிருந்து 30 நாளில் ஏஓசி-4-ஐயும், 60 நாளில் வருடாந்திர அறிக்கையையும் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் புதுக் கணக்கு அதற்குள் தளத்தில் ஏறியிருக்கும். சந்தா ஏப்ரலில் புதுப்பிக்க வேண்டியதாக இருந்தால், வேறு இடம் பார்க்கலாமா என்று முடிவெடுக்க மூன்று மாதம் கையில் கிடைக்கும்.